நாலு பேர் தூக்க வேண்டிய குடில்: நார்வேயில் ஏழு நாள்

ஆகஸ்ட் 22, 2023, செவ்வாய் – பெர்கன்

நான் வந்து சேர்ந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. விமானம் மாறிய ஊரிலேயே அது தங்கிவிட்டதாம். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்து, "நாளை வரும், இல்லாவிட்டால் நாளை மறுநாள்" என்றார். கையில் மிஞ்சியது லேப்டாப் பை, ஒரு வரைபடச் சுருள், அம்மா கட்டிக் கொடுத்த எள்ளுருண்டை டப்பா. மழைச்சட்டை பெட்டிக்குள் இருக்கிறது. வெளியே மழை.

பெர்கனில் ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. நம் ஊர் மழை போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. யாரோ மேலே உட்கார்ந்து சல்லடையில் சலித்துக்கொண்டே இருப்பது போல. ஊரில் ஒருவரும் குடை பிடிக்கவில்லை. காற்று குடையைத் திருப்பிவிடும் என்று கடைக்காரப் பையன் சொன்னான், சொல்லிவிட்டு 1,190 குரோனருக்கு ஒரு மழைச்சட்டையை என் தலையில் கட்டினான். அன்றைக்கு ஒரு குரோனர் ஏழே முக்கால் ரூபாய். ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்க்கு என் வாழ்நாளில் சட்டை வாங்கியதில்லை, கல்யாணத்துக்குக்கூட.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகம் எங்களுடையது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், தோட்டத்துக்குள் ஆறு மரக்குடில்கள் வேண்டும் என்று வந்தார். நல்ல மனிதர். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஒன்றையும் வெட்டக் கூடாது, ஓடையைத் தொடக் கூடாது, ஜேசிபி உள்ளே வரவே கூடாது என்று அவராகவே நிபந்தனை போட்டார். சந்தோஷமாக வரைந்தோம். பட்டறையிலேயே சுவர்களைச் செய்து, கொண்டுபோய் நிறுத்திப் பூட்டிவிடும் குடில். படம் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எங்கள் மேஸ்திரி மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க சார். இத உள்ள எப்படிக் கொண்டு போறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான், சேமிப்பை உடைத்துக்கொண்டு இங்கே வந்து நனைகிறேன்.

ஆகஸ்ட் 23, புதன் – பெர்கன்

பெட்டி இன்றும் வரவில்லை.

காலையில் பிரிக்கன் துறைமுகத் தெரு. 1702 தீ விபத்துக்குப் பின் பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டிய மர வீடுகள், 62 எஞ்சியிருக்கின்றன. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உண்டு. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. முன்பக்கம் முழுக்கக் கடைகள், விலை கேட்கவே பயம். நான் பின்சந்துக்குப் போனேன். அங்கே ஒரு சுவரைத் திறந்து வைத்திருந்தார்கள். உளுத்துப்போன கட்டையை மட்டும் உருவிவிட்டு, அதே அளவில் புதுக் கட்டை சொருகியிருந்தார்கள். பழையது கறுப்பு, புதியது வெண்ணெய் நிறம்.

இந்த நாட்டில் கட்டைகளை மூலையில் கவ்வவிட்டு அடுக்கிக் கட்டும் வீடுகள் பழைய வழக்கம். தேவைப்பட்டால் கட்டைக்குக் கட்டை குறி போட்டு, கழற்றி, வேறு ஊரில் அதே வரிசையில் அடுக்கிவிடுவார்கள். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் பிரித்து விற்பவர்கள் சாக்பீஸில் எண் போடுவது நினைவுக்கு வந்தது. பிரித்துச் சேர்க்கும் வீடு ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. வரைபடத்தில் "நவீன முறை" என்று தலைப்புப் போட்டதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

மதியம் மீன் சூப். பால்கறி போல வெள்ளையாக, மிளகாய் என்ற ஒன்று உலகில் இருப்பதையே அறியாத சூப். 215 குரோனர். ஆனால் சூடாக இருந்தது, அந்த நேரத்துக்கு அதுவே போதும்.

சாயங்காலம் உல்ரிக்கன் மலை. 643 மீட்டர். ஏறுவதற்கு 1,333 கற்படிகள். அவற்றை அடுக்கியவர்கள் நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள். நார்வேயின் பல மலைகளில் கோடை தோறும் ஷெர்பாக்கள் வந்து படி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அழகுக்காகப் போட்ட படி அல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கும்போது பாதை சேறாகிறது, சேற்றைத் தவிர்க்க ஆட்கள் ஓரத்தில் நடக்கிறார்கள், ஓரமும் சேறாகிறது, பாதை அகண்டுகொண்டே போகிறது. கல் இருந்தால் எல்லோரும் கல்லிலேயே கால் வைப்பார்கள். படியின் வேலை அதுதான்.

ஊருக்குள் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு வருகிறார்கள். மலையில் கால் வைத்ததும் அதே ஆட்கள் எதிரே வரும் எல்லோருக்கும் "ஹெய்" சொல்கிறார்கள். எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி என்னை இரண்டு முறை முந்திப் போனார். இரண்டாவது முறை எப்படி என் பின்னால் வந்தார் என்று இன்னும் புரியவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன் – ஃபோர்டே

வடக்கே பேருந்துப் பயணம். வழியில் ஒப்பெடால் என்ற இடத்தில் சாலை கடலில் முடிகிறது; பேருந்து அப்படியே படகில் ஏறி, இருபது நிமிடத்தில் லாவிக்கில் இறங்கி ஓடுகிறது. படகின் மேல்தளத்தில் "ஸ்வேலே" விற்றார்கள். தடித்த இனிப்பு ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் சர்க்கரை தடவி இரண்டாக மடித்துத் தருகிறார்கள். 38 குரோனர். இந்த நாட்டில் இதுவரை சாப்பிட்டதில் இதற்குத்தான் முதல் இடம். இரண்டாவது வாங்க வரிசையில் நின்றபோது படகு கரை தட்டிவிட்டது. ஓடிப் போய் ஏறினேன். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஃபோர்டேயில் பெட்டியைப் பற்றிக் குறுஞ்செய்தி: "கண்டுபிடித்துவிட்டோம்." எங்கே என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி – மலைமேல் ஒரு பகல்நடைக் குடில்

இதற்காகத்தான் வந்தேன்.

இந்தப் பகுதி முன்பு சோன் ஒ ஃபியூரானே என்ற தனி மாவட்டம். 26 ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒன்று என்று 26 இடங்களில் ஒரே வரைபடத்தில் சின்ன மரக்குடில் வைத்திருக்கிறார்கள். பேர் "தாக்ஸ்தூர்ஹித்தா", பகலில் நடந்து போய்த் திரும்புபவர்களுக்கான குடில். வரைந்தவர்கள் பெர்கனைச் சேர்ந்த ஓப்பா ஃபார்ம் என்ற அலுவலகம். கதவுக்குப் பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, இரவு தங்கக் கூடாது. இந்தத் திட்டம் பிடித்துப்போய்ப் பக்கத்து மாவட்டத்துக்கும் பரவிவிட்டது.

ஒன்றரை மணி நேர ஏற்றம். மழை விட்டு விட்டுப் பெய்தது. கடைசி வளைவு வரை குடில் கண்ணில் படவே இல்லை, திடீரென்று பாறை நுனியில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே காலடியால் அளந்தேன்: நூற்று அறுபது சதுர அடி தேறும். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு விறகடுப்பு, சுவரோடு சேர்ந்த பெஞ்சு, ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள். புத்தகங்களும் திட்டத்தின் பகுதிதானாம். உள்ளே ஓர் அப்பா, இரண்டு சின்னப் பெண்கள், முதியவர் ஒருவர். நான் நுழைந்ததும் பெண்கள் தாமாகவே நகர்ந்து இடம் விட்டார்கள். முதியவர் ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். பேரைக்கூடக் கேட்கவில்லை. நான் எள்ளுருண்டையைத் திறந்தேன். சின்னவள் ஒன்றை வாயில் போட்டு, நீண்ட நேரம் யோசித்து, அக்காவிடம் ஏதோ சொன்னாள். "பறவைத் தீனி மாதிரி இருக்கிறதாம், ஆனால் நன்றாக இருக்கிறதாம்" என்று அப்பா மொழிபெயர்த்தார்.

முதியவர் அடிக்கடி இங்கே விறகு கொண்டுவந்து போடுகிறவர். குடில் எப்படி மேலே வந்தது என்று கேட்டேன். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றிக் காட்டினார். ஹெலிகாப்டர். கீழே பட்டறையில் செய்து, கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தது. ஹெலிகாப்டர் நிமிடக் கணக்கில் காசு வாங்கும்; அதனால் எது முதலில், எது அடுத்தது, எந்தக் கொக்கியில் என்று பட்டியல் போட்ட பிறகே அது எழும்பும் என்றார்.

நோட்டை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டேன். இவ்வகை வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் சிறிய ஹெலிகாப்டர் கயிற்றில் ஏறத்தாழ ஒரு டன் தூக்கும். பலகை அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்யும் சி.எல்.டி. தடிப்பலகை, ஸ்புரூஸ் மரத்தில் கன மீட்டருக்குச் சுமார் 480 கிலோ. எங்கள் ஏற்காட்டுக் குடிலின் பின்சுவர் ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம், பத்து சென்டிமீட்டர் தடிமன், ஒரே துண்டு. 860 கிலோவுக்கு மேல். ஹெலிகாப்டரே முக்கித்தான் தூக்கும். ஏற்காட்டில் நமக்கு யார் ஹெலிகாப்டர் தரப்போகிறார்கள்? சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவு, அப்புறம் ஜீப் தடம், அப்புறம் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆள் போகிற ஒற்றையடிப் பாதை. குடிலை முதலில் வரைந்துவிட்டு, அதன்பின் வழியைத் தேடியிருக்கிறோம். வழியை அளந்துவிட்டுக் குடிலை வரைந்திருக்க வேண்டும். மேஸ்திரி இதை ஒரே வரியில் கேட்டார், எனக்குப் புரிய இத்தனை தூரம் பறக்க வேண்டியிருந்தது.

மழை நின்றதும் வெளியே வந்து குடிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அதற்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். தரையைத் தொடாமல் எஃகுக் கால்களில் நிற்கிறது. கடைக்கால் தோண்டவில்லை, கான்கிரீட் கொட்டவில்லை. சுற்றிலும் பாசி ஸ்பாஞ்சு போல ஈரமாக, பச்சையாக இருக்கிறது. ஆனால் குடிலின் நிழல் விழும் அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் காய்ந்த பழுப்பு. தொட்டால் தூளாகிறது. கூரை மழையை மறைக்கிறது, தளம் வெளிச்சத்தை மறைக்கிறது, தொடாமலே செத்துவிட்டது. "நிலத்தைத் தொடாத கட்டடம்" என்று எங்கள் வரைபடத்திலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஊருக்குப் போனதும் அடித்துவிட வேண்டும்.

அதைவிடப் பெரிய சேதம் வாசலில். வரும் வழியில் ஒரு சதுப்பு நிலம். பலகை போட்ட இடத்தில் பாதை ஓரடி அகலம். பலகை முடிந்த இடத்திலிருந்து பதினைந்து அடிக்குக் கறுப்புச் சேறு. கரி போலப் படியும் இந்தச் சதுப்பு மண் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ.தான் வளரும். என் முழங்கால் வரை உள்ளே போனது. ஐந்நூறு வருடத்துக்குள் கால் விட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இருக்கிற ஒரே ஷூ அது. குடில் நன்றாக இருப்பதால் ஆட்கள் வருகிறார்கள், ஆட்கள் வருவதால் வழி சாகிறது. முதியவரிடம் சொன்னேன். "ஆமாம், மீதிப் பலகைக்குப் பணம் கேட்டிருக்கிறோம்" என்றார்.

ஏற்காட்டு வரைபடத்தில் ஆறு குடில்களுக்கு இருபத்து மூன்று தாள்கள். பாதைக்கு ஒரு தாளும் இல்லை.

ஆகஸ்ட் 26, சனி – ஓலசுன்

ஐந்து மணி நேரப் பேருந்து, இரண்டு படகு. நேற்று நனைந்த ஷூவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காலோடு போட்டுக்கொண்டேன். ஒவ்வோர் அடிக்கும் சத்தம்.

ஓலசுன் முழுக்கக் கல் கட்டடம், கோபுரமும் பூவேலையுமாக. ஏனென்றால் 1904 ஜனவரி 23 அன்று பின்னிரவில் பிடித்த தீயில் மர ஊர் எரிந்து போனது. சுமார் பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். இறந்தவர் ஒரே ஒருவர். அதன்பின் நகரங்களில் மர வீட்டுக்குத் தடை போட்டுச் சட்டமே வந்தது. அதே நாட்டில் 2019இல் 85 மீட்டர் உயரத்துக்கு மரத்திலேயே அடுக்குமாடி எழுப்பியிருக்கிறார்கள். மெல்லிய பலகை பற்றி எரியும். தடித்த மரம் மேல்தோல் கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருப்பதைக் காக்கும். நிமிடத்துக்கு முக்கால் மி.மீ.கூடக் கரியாவதில்லை. ஏற்காட்டுக்காரர் தீயைப் பற்றிக் கேட்டபோது நான் இதைச் சொல்லித்தான் சமாளித்தேன். கறையானைப் பற்றிக் கேட்டபோது சமாளிக்க முடியவில்லை. இங்கே கறையானே கிடையாது, கொடுத்து வைத்தவர்கள்.

கோவை நண்பன் மூலம் தெரிந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில் இரவு தங்கல். கதவைத் திறந்ததும் என் காலைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, சதுப்புக்க இறங்கினனீங்களோ? முதல்ல காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன்."

புட்டு, காட் மீன் சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், இடித்த சம்பல். ஐந்து நாளில் முதல் முறை நாக்குக்கு உயிர் வந்தது. அக்கா எண்பதுகளின் கடைசியில் வந்தவர். முதலில் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. "ரெண்டு மாசம் சூரியனையே காணேல்லை தம்பி. நான் கடவுளுக்கே கோவிச்சிட்டன்." நார்வேக்கு வந்த முதல் தமிழர் 1956இல் வந்த அந்தோனி ராஜேந்திரம், யாழ்ப்பாணத்து குருநகர்க்காரர் என்று அக்காதான் சொன்னார். அவர் பெயர் இங்கே தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரிகிறது.

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தார். நார்வேயில் விடுமுறைக் குடில்கள் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல். மொத்த மக்கள் ஐம்பத்தைந்து லட்சம்.

"அவையளுக்கு வீட்டில எல்லா வசதியும் இருக்கும். ஆனால் தண்ணியும் கரண்டும் இல்லாத ஒரு கொட்டிலுக்குப் போய்க் குந்தினால்தான் நிம்மதி எண்டுவினம். நாங்கள் கொட்டிலை விட்டுத்தானே தம்பி இஞ்ச ஓடி வந்தனாங்கள்."

நான் சொதியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அக்கா இன்னும் ஒரு அகப்பை புட்டு வைத்தார்.

இரவு பத்து மணிக்குப் பெட்டி வந்தது. ஒரு சக்கரம் இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு – வால்டால்

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் கிடையாது. அக்கா அதை யோசித்துப் புட்டையும் சம்பலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். அக்காவின் மகன் காரில் கொண்டுவந்து விட்டான். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன். "அம்மா கொன்னுடுவா" என்றான். அது ஈழத் தமிழ் இல்லை, நம் படம் பார்த்துக் கற்ற தமிழ்.

வால்டால் ஸ்ட்ராபெரிக்குப் பேர் போன பள்ளத்தாக்கு. சாலையோரம் ஆள் இல்லாத ஒரு மேசையில் ஜாம் பாட்டில்கள். பணத்தை "விப்ஸ்" என்ற செயலியில் அனுப்பச் சொல்லி ஒரு எண். நார்வே அடையாள எண் இல்லாததால் என்னால் அதில் சேர முடியவில்லை. சில்லறையும் இல்லை. எடுத்த பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது, சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கி, தன் போனில் எழுபது குரோனரைத் தட்டிவிட்டு, பாட்டிலை என் கையில் கொடுத்தார். டப்பாவில் மிச்சமிருந்த நான்கு எள்ளுருண்டையையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். விலை சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று தங்கல் யூவெ நிலக்காட்சி விடுதி. குட்பிரான்ஸ்யூவெ என்ற இடுக்குப் பள்ளத்தாக்கின் பக்கத்தில். அங்கே ஓடும் ஆற்று நீர் ஐந்து மீட்டர் அகல இடுக்கில் இருபது மீட்டருக்கும் மேல் ஆழத்தில் விழுந்து உறுமுகிறது. ஒரு நாள் வாடகையை இங்கே எழுதப்போவதில்லை, வீட்டில் படிக்கிறார்கள். ஒன்று மட்டும்: அலுவலகம் பாதி தந்தது.

முதலில் கட்டியவை ஏழு தனித்தனி அறைகள். யென்சன் அண்ட் ஸ்கோட்வின் என்ற ஆஸ்லோ அலுவலகம் வரைந்தது. பாறையை வெடி வைத்து உடைக்கவில்லை. பாறையில் துளையிட்டு, 40 மி.மீ. எஃகுக் கம்பிகளை இறக்கி, அதன்மேல் அறையை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் மழையில் மண்டியிட்டுக் கம்பியைக் கையால் சுற்றிப் பிடித்தேன். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றை ஒன்று தாண்டிக்கொண்டன, அவ்வளவு ஒல்லி. மேலே ஒரு அறை, கட்டில், மனிதர்கள். பக்கத்து அறை ஜெர்மன்காரர் ஜன்னல் வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார்.

இந்தக் கம்பி ஏற்காட்டுக்கு ஒத்துவரும். அங்கேயும் அடியில் கடும் பாறை, சார்னோகைட். துளைபோடத் தெரிந்த ஆள் சேலத்திலேயே ஏராளம். கறையான் ஏறினாலும் ஒல்லிக் கம்பியில் மண் கோடு தெரிந்துவிடும், கண்டதும் துடைத்துவிடலாம். கனத்த தூணின் மூலையில் ஏறினால் கண்டுபிடிப்பதற்குள் கூரை போய்விடும். பாறை தெரியாத செம்மண் இடங்களில் என்ன செய்வது என்பது வேறு தலைவலி.

அறையின் சுவர் வெறும் 50 மி.மீ. மரம், கோடைக்கு மட்டும் என்று திட்டமிட்டது. உள்ளே எல்லாம் கறுப்பு. கறுப்பு நிறமி கலந்த எண்ணெய் பூசியிருக்கிறார்கள். முதலில் குகைக்குள் வந்தது போல மனசு சுருங்கியது. இருட்டிய பிறகு விளங்கியது. வெள்ளைச் சுவராக இருந்தால் விளக்கு போட்டதும் கண்ணாடியில் நம் கட்டிலும் நம் மூஞ்சியும்தான் தெரியும். இங்கே விளக்கு எரியும்போதே வெளியே பிர்ச் மரத்தின் வெள்ளைத் தண்டு தெரிகிறது, இலையிலிருந்து சொட்டுவது தெரிகிறது. எங்கள் குடிலுக்கு வெள்ளை பெயின்ட் என்று முடிவு செய்தது யார்? நான்தான்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஏழும் ஏழு விதம். எந்த அறையிலிருந்தும் வேறு அறை தெரியாதபடி, ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் விலகி வளைந்து வரைந்தவை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பார்த்த குடில்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரே வரைபடம், 26 மலை, யார் வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். இங்கே என்னால் இரண்டாவது இரவு தங்க முடியாது.

இரவுச் சாப்பாடு பழைய மாட்டுத் தொழுவத்தில், நீளமான ஒரே மேசையில் எல்லோரும் சேர்ந்து. ஆட்டுக்கறி வாயில் கரைந்தது. ஜெர்மன்காரர் எனக்கு எதிரே. "நீங்கள் கட்டடத்தை ஆய்வு செய்ய வந்தவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நிம்மதியானார். அறைக்கு வந்து அக்காவின் புட்டையும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள் – ட்ரோல்ஸ்டிகன், அப்புறம் ரயில்

வயதான டச்சுத் தம்பதி ட்ரோல்ஸ்டிகன் வழியாக ஒண்டால்ஸ்னஸ் வரை காரில் ஏற்றிக்கொண்டார்கள். 1936இல் திறந்த சாலை, பதினொரு கொண்டையூசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் ஏற்காட்டுக்கு இருபது, அதில் பேருந்து ஓட்டுநர் ஒரு கையில் போன் பேசுவார் என்று சொன்னேன். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை.

ரயிலில் ஜன்னலோரம். பச்சை ஆறு கூடவே ஓடி வந்தது. நோட்டில் முதலிலிருந்து வரைந்தேன். முதல் தாள் பாதை: எங்கே பலகை, எங்கே கல், எங்கே ஜீப் நின்றுவிட வேண்டும். இரண்டாவது தாள் எடை. ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆளுக்கு முப்பத்தைந்து கிலோ என்று வைத்தால் நாலு பேருக்கு 140. எட்டு சென்டிமீட்டர் தடிப்பலகையில் அது 1.2 மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். 138 கிலோ வருகிறது. இதைவிடப் பெரிய துண்டு குடிலில் எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடிக்கும் அதே கணக்கு. ஆறு மீட்டர்ச் சுவர் ஐந்து துண்டானது; இணைப்பு கூடியது, மழை புகும் இடமும் கூடியது. அதற்கு வெளியே இன்னொரு பலகைத் தோல் வேண்டும். குடில் தானாகவே சிறுத்துக்கொண்டே வந்தது. மூன்றாவது தாளில்தான் குடிலை வரைந்தேன்.

தோட்டத்துக்காரரிடமிருந்து வாட்ஸ்அப். ஒவ்வொரு குடிலிலும் குளியல் தொட்டி வைக்க முடியுமா, மனைவி ஆசைப்படுகிறார். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே முந்நூறு கிலோ. பதில் போடவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அங்கே இருட்டியிருக்கும், பின்னால் டிவி சத்தம்.

"மேஸ்திரி, நீங்க கேட்டீங்களே எப்படிக் கொண்டு போறதுன்னு. கண்டுபுடிச்சுட்டேன். எல்லாத்தையும் துண்டு துண்டா செஞ்சுடலாம். எந்தத் துண்டா இருந்தாலும் நாலு பேர் தூக்கற எடைதான்."

கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"கணக்கு சரிங்க சார். ஆனா நாலு பேர் தூக்கறதுன்னா நம்மூர்ல வேற அர்த்தமுங்க. புது வேலைக்கு அந்த வார்த்தை வேண்டாம். ஆறு பேர்னு எழுதிக்குங்க."

இரண்டாவது தாளைப் புரட்டி, நாலை அடித்து ஆறு என்று எழுதினேன். பலகையின் அளவை மாற்றவில்லை.